வலிக் குழுவில் கூட உட்காருபவர்கள் யார் என்பதைப் பொறுத்து நம் பலன் மாறுமா?

கேள்வி: மூன்று வருடமாக முதுகு வலி. வலி மேலாண்மைக் குழுப் பயிற்சிக்குப் போகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முன்பின் தெரியாத பத்துப் பேரோடு உட்கார வேண்டுமாம். அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பொறுத்து எனக்குக் கிடைக்கும் பலன் மாறுமா?

மாறும். நான் அந்தப் பயிற்சியை இரண்டு தடவை முடித்தவள். அதே மருத்துவமனை, அதே பிசியோ, அதே சைக்காலஜிஸ்ட், கையில் கொடுத்த நீல ஃபைல்கூட அதேதான். மாறியது நாற்காலியில் இருந்த ஆட்கள் மட்டும் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சொந்த ஊர் திருநெல்வேலி. லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டி, தூக்கி உட்கார வைக்கிற வேலை என்றால் தெரிந்திருக்கும். 2016ல் ஒரு நாள் இடுப்பு பிடித்தது, அப்புறம் விடவே இல்லை. டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். மூன்று மாதத்துக்கு மேல் போனாலே நாள்பட்ட வலி என்று கணக்கு. எனக்கு இரண்டு வருடம் ஓடிய பிறகுதான் குழுவில் இடம் கிடைத்தது. வாரம் ஒரு அரைநாள், எட்டு வாரம்.

முதல் குழுவில் பத்துப் பேர். எல்லோருக்குமே முதுகு. ஒரே நோய்க்காரர்கள் சேர்ந்தால் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நடந்தது வேறு. "உங்களுக்கு எல்4-எல்5ஆ? எனக்கு எல்5-எஸ்1" என்று (முதுகெலும்பில் எந்த எலும்புகளுக்கு நடுவே கோளாறு என்பதன் குறியீடு) ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கல்யாண ஜாதகம் மாதிரி பொருத்திப் பார்ப்பதிலேயே முதல் இரண்டு வாரம் போனது.

அதில் கட்டட வேலையில் விழுந்து அடிபட்ட ஒருவர் இருந்தார். நஷ்டஈட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நடித்தார் என்று சொல்ல மாட்டேன், அவர் வலி நிஜம். ஆனால் வழக்கு தீராத நேரத்தில் "கொஞ்சம் தேவலை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பிசியோ எதைக் காட்டினாலும் "இதெல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு" என்பார். ஊசி போட்ட கதை, அது பலிக்காத கதை. நல்ல பேச்சுக்காரர் வேறு. நாலாவது வாரம் எல்லோரும் அவர் மாதிரியே பேச ஆரம்பித்திருந்தோம்.

ஒவ்வொரு வாரமும் வந்தவுடன் பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு எண் சொல்ல வேண்டும், வட்டமாக, வாய்விட்டு. என் முறை வருவதற்குள் எட்டு, ஒன்பது, எட்டு, ஒன்பதரை என்று வந்துவிடும். எனக்கு அன்றைக்கு ஐந்துதான். ஐந்து என்று சொல்ல வெட்கமாக இருந்தது, என்னமோ ஓசியில் வந்து உட்கார்ந்த மாதிரி. ஏழு என்றேன். திரும்பிப் போகும்போது பஸ்ஸில் உண்மையிலேயே ஏழாக வலித்தது.

இது என் மனப்பிரமை இல்லை என்பது பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் சியாட்டிலில் வேலை பார்த்த வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: முனகுவது, நொண்டுவது, இடுப்பைப் பிடித்துக்கொள்வது இவற்றுக்கெல்லாம் சுற்றியிருப்பவர்கள் தருகிற கவனமே அந்தப் பழக்கத்தை வளர்க்கும். 1980ல் இன்னொரு ஆய்வு. நாள்பட்ட வலிக்காரர்களைப் பேட்டி எடுக்கும்போது ஒரு தடவை "கண்ணாடிக்குப் பின்னால் உங்கள் மனைவி, இல்லை கணவர், பார்க்கிறார்" என்றும், இன்னொரு தடவை "வார்டு ஊழியர் பார்க்கிறார்" என்றும் சொன்னார்கள். வலி என்றதும் விழுந்து விழுந்து கவனிக்கிற துணை அமைந்தவர்கள், துணை பார்க்கிறார் என்று நம்பியபோது அதிக வலி சொன்னார்கள். அப்படிக் கவனிக்காத துணை உள்ளவர்கள் குறைத்துச் சொன்னார்கள். ஒருவர் பார்க்கிறார் என்ற நினைப்புக்கே இவ்வளவு என்றால், வட்டமாக ஒன்பது பேர் பார்த்தால்?

அந்தக் குழுவில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரும் இருந்தார், அறுபது தாண்டியவர். மொழிபெயர்ப்பாளர் கூட வருவார். ஒருவர் ஜோக் அடிப்பார், எல்லோரும் சிரிப்போம், ஒரு வாக்கியம் கழித்து அந்த அம்மா தனியாகச் சிரிப்பார். டீ நேரத்தில் என்னிடம் சொன்னார்: "எல்லாரும் சிரிச்சு முடிஞ்சாப் பிறகுதான் பிள்ளை எனக்குச் சிரிப்பு வருது. நோ எண்டால் ஒண்டு, உளைவு எண்டால் வேற. அவ ரெண்டுக்கும் பெயின் எண்டுதான் சொல்லுறா." ஐந்தாவது வாரத்திலிருந்து அவர் வரவில்லை. என்னைக் கேட்டால், குழு அமைப்பில் ஆளைத் தோற்கடிப்பது வயசும் வியாதியும் அல்ல, இந்தத் தனியாள் நிலைமைதான். ஏழு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண், வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவே வேலை போன ஒரே ஆள், எல்லாம் இதே கணக்குத்தான். இன்னொருவர் இருந்தால் போதும், கதை மாறிவிடும்.

முடிக்கும்போது ஐந்து பேர்தான் மிச்சம். ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்காருகிறோம் என்று எண்ணுவார்கள். முதல் நாள் 11, கடைசி நாள் 12. வலி வந்தவுடன் "போச்சு, இனி எழுந்திருக்கவே மாட்டேன்" என்று மனசு ஓடுமே, அதை அளக்க 13 கேள்வி கொண்ட ஒரு படிவம் உண்டு (1995ல் கனடாவின் மைக்கேல் சல்லிவன் உருவாக்கியது, மொத்தம் 52 மார்க், கூடினால் மோசம்). அதில் 31ல் தொடங்கி 33ல் முடித்தேன். சிகிச்சை எடுத்து மார்க் ஏறியவள்.

2022ல் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை எட்டுப் பேர், கதம்பமான குழு. முழங்கால், ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்கப் பரவி வலிக்கிற நோய்), ஆபரேஷன் முடிந்தும் போகாத வலி. ஸ்கேன் ஒப்பிட வழியே இல்லாததால், "நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள்? பையை எப்படித் தூக்குகிறீர்கள்?" என்ற பேச்சுத்தான் ஓடியது. ஜமைக்காவில் பிறந்த ஒரு பாட்டி இருந்தார். வலியில் எங்களை விட மோசம், ஆனால் காரியத்தில் ஒரு படி முன்னே. முதல் வாரமே ஃபோனை எடுத்துக் காட்டினார், டைமர் 7 நிமிடத்தில் நின்றது. ஏழு நிமிடம் நின்று உருளைக்கிழங்கு உரிப்பாராம், மணி அடித்தால் உரித்துக்கொண்டிருக்கும் கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாராம். "பாதியிலா?" என்றேன். "கிழங்கு எங்கே ஓடிப்போகும்?" என்றார்.

இதைத்தான் பிசியோ நாலு வருடத்துக்கு முன்பே படம் போட்டுச் சொல்லியிருந்தார். மூன்று தடவை நின்று பார், சராசரி எடு, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி, அதுதான் உன் அளவு. வலிக்காத நாளிலும் தாண்டாதே, வலிக்கிற நாளிலும் விட்டுவிடாதே. அப்போது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பாட்டி சொன்ன அன்றைக்கே வீட்டில் சாம்பாருக்குக் காய் நறுக்கும்போது டைமர் வைத்தேன். எனக்கு 4 நிமிடம்.

1971ல் வான்கூவரில் கென்னத் கிரெய்க் நடத்திய பரிசோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். மின் அதிர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும் ஆள் பக்கத்தில் இருந்தால் மற்றவரும் அதிகம் தாங்கினார். சட்டென்று "வலிக்கிறது" என்பவர் பக்கத்தில் இருந்தால் சீக்கிரமே வலி என்றார். 2009ல் கொல்லோகா, பெனடெட்டி இருவரும், போலி சிகிச்சையால் இன்னொருவருக்கு வலி குறைவதைப் பார்த்தவர்களுக்கும் வலி குறைவதைக் காட்டினார்கள். ஆரோக்கியமானவர்களிடம் சில நிமிடங்கள் செய்த சோதனைகள்தான், வருடக்கணக்கான வலிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் திசை புரிகிறது அல்லவா?

இரண்டாவது குழு முடிந்தபோது நாற்காலி எண்ணிக்கை 13லிருந்து 21. படிவத்தில் 29லிருந்து 14. வலி எண் மட்டும் பெரிதாக நகரவில்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இப்போது அந்த ஓட்டை. நாலு வருடத்தில் நானும் மாறியிருந்தேன். தூக்குகிற வேலையை விட்டு அலுவலகப் பக்கம் வந்திருந்தேன். ஊசி, மாத்திரை என்று தேடி அலைவதையும் விட்டிருந்தேன். அதனால் எல்லாப் புகழும் பாட்டிக்கே என்று எழுதினால் பொய். இன்னொன்று, இரண்டாவது தடவை வட்டமாக எண் சொல்லும் சடங்கே இல்லை. "இந்த வாரம் என்ன செய்தீர்கள்?" என்றுதான் ஆரம்பித்தார்கள். கடைசி நாள் சைக்காலஜிஸ்டிடம் காரணம் கேட்டேன். "உங்கள் பழைய குழுவுக்குப் பிறகுதான் அதை நிறுத்தினேன்" என்றார். ஆக, குழு ஆட்களை மட்டுமல்ல, நடத்துகிறவரையும் மாற்றுகிறது. ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. ஒரே குழுவில் இருப்பவர்கள் சேர்ந்து ஏறுவார்கள், சேர்ந்து இறங்குவார்கள். பத்துக் குழுவில் நூறு பேர் என்றால் அதை நூறு தனித்தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது.

உங்களுக்கு என்ன சொல்வேன்? சேருவதற்கு முன் தனியாகப் பேச அழைப்பார்கள். அப்போதே கேளுங்கள்: எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், எந்த மொழியில் நடக்கும். ஒருவர் பெயரையும் சொல்ல மாட்டார்கள், ஆனால் "நீங்கள் மட்டும் தனியாக இருக்க மாட்டீர்கள்" என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். மூன்றாவது வாரம் வீடு திரும்பும்போது, போனதை விட அதிக வலியோடு வருகிறீர்கள் என்று தோன்றினால் நான் செய்த மாதிரி வாயை மூடிக்கொண்டு எட்டு வாரம் ஓட்டாதீர்கள். நடத்துகிறவரைத் தனியாகப் பிடித்துச் சொல்லுங்கள். அடுத்த குழுவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை, எங்கள் பாட்டியே அப்படி மாறி வந்தவர்தான்.