பிடியை விட்டால் போச்சு

இரண்டு இதழ்களுக்கு முன்னால், அலாஸ்காவின் இடிடரோட் பந்தயம் (பனியில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிப் பந்தயம்) பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மூன்று வரியில் புகழ்ந்து பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்தக் கால்நடை வைத்தியப் பகுதியில் இந்த வாரம் மடிநோயும் கோழிக் கழிச்சலும் காத்திருக்க வேண்டியதுதான். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயா, பனியில் 1,600 கிலோமீட்டர் நாய்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு போவதில் என்ன சுகம்? பரிசுப் பணத்துக்காகத்தானே? (திண்டுக்கல்)

பணம்தான் குறி என்றால் வேறு தொழில் பார்த்திருப்பார்கள். வருடம் முழுக்க ஒரு பட்டி நாய்களுக்குத் தீனி போட வேண்டும். முன்வரிசையில் வரும் சிலரைத் தவிர மற்றவர்களுக்குக் கைக்காசு கரைவதுதான் மிச்சம்.

மேக்கி குடும்பத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். அப்பா டிக் மேக்கி 1978-இல் இந்தப் பந்தயத்தை ஒரே ஒரு விநாடியில் ஜெயித்தார். ஆங்கரேஜ் பக்கமிருந்து நோம் வரை பதினான்கு நாள் ஓடி வந்து, கடைசியில் நோம் கடைத்தெருவில் சக போட்டியாளர் ரிக் ஸ்வென்சனோடு மல்லுக்கட்டு! எந்த வண்டியின் முன்னால் ஓடும் முன்னத்தி நாயின் மூக்கு முதலில் கோட்டைத் தாண்டியதோ அந்த வண்டிக்கே வெற்றி என்று தீர்ப்பானது. 1983-இல் மகன் ரிக் மேக்கி ஜெயித்தார். இருவருக்கும் அது ஆறாவது முயற்சி, இருவருக்கும் பந்தய எண் 13.

இன்னொரு மகன் லான்ஸுக்கு 2001-இல் தொண்டையில் புற்றுநோய். சிகிச்சையில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் போய்விட்டன. அப்புறம் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டிலும் கையுமாகவே இருந்தார். ஆனால் 2002-லேயே, வயிற்றில் உணவுக் குழாயோடு பந்தயத்துக்கு வந்து நின்ற ஆள் அவர். முடிக்க முடியவில்லை, பாதியில் விலகினார். 2007-இல் 13-ஆம் எண்ணையே வேண்டி வாங்கி, அதே ஆறாவது முயற்சியில் ஜெயித்தார். அதற்குச் சில வாரம் முன்புதான் இன்னொரு ஆயிரம் மைல் பந்தயமான யூகான் குவெஸ்ட்டையும் ஜெயித்திருந்தார். 2010 வரை தொடர்ந்து நான்கு இடிடரோட் வெற்றிகள். 2022-இல் புற்றுநோய் திரும்ப வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. இதையெல்லாம் பணக்கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

கேள்வி: வாயில்லா ஜீவன்களை அடித்து ஓட்டுவதைப் புகழ்கிறீர்களே, நீங்கள் ஒரு கால்நடை மருத்துவர்தானா? (விருதுநகர்)

முப்பது வருடம் பார்த்தவன், அம்மா. கோபம் நியாயமானது, ஆனால் அடித்து ஓட்டுவது என்பது சரியில்லை. கடிவாளமும் இல்லை, சாட்டையும் இல்லை. 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. இந்தக் குரல்தான் எல்லாம். முன்னத்தி ஏர் தெரியுமில்லையா, அதுபோல முன்னத்தி நாய் புரிந்துகொண்டு திரும்பினால் மற்றவை பின்னால் திரும்பும்.

ஓட வைப்பது பிரச்சினையே இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். புறப்படும் முன் நாய்கள் துள்ளிக் குதித்து ஊளையிட்டு ஊரைக் கூட்டிவிடும். கொக்கியைப் பனியில் அடித்து இறக்கி, கயிற்றால் வேறு வண்டியைக் கட்டிவைத்திருப்பார்கள். அவிழ்த்துவிட்ட மறுகணம் அத்தனை கூச்சலும் அடங்கிவிடும்; மூச்சிரைப்பும், வண்டி பனியில் வழுக்கும் சத்தமும் மட்டும்தான். இந்த அமைதிக்காகத்தான் வருகிறோம் என்று வண்டி ஓட்டுகிறவர்கள் பலரும் சொல்வார்கள். புதிதாகப் பழக வருகிறவனுக்கு முதல் பாடம், விழுந்தாலும் வண்டியை விடாதே. விட்டால் போச்சு, நாய்கள் உனக்காக நிற்கப்போவதில்லை.

இனி வைத்தியன் பேச்சு. ஒரு வண்டிக்கு இப்போது அதிகபட்சம் 16 நாய்கள், முடிக்கும்போது குறைந்தது 5 இருக்க வேண்டும். வழியில் தங்குமிடங்களில் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிப்பார்கள். தளர்ந்த நாயை அங்கேயே விட்டுவிட்டால் விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். கட்டாயமாக 24 மணி நேர ஓய்வு ஒன்று, எட்டு மணி நேர ஓய்வு இரண்டு. பாதத்தில் பனிக்கட்டி ஏறாமலிருக்கத் துணி உறை. பந்தய நாட்களில் ஒரு நாய்க்குத் தினம் பத்தாயிரம் கலோரிக்கு மேல் வேண்டும், பெரும்பகுதி கொழுப்பு. நம் வீட்டு நாய்க்கு அதைப் போட்டால் கணையம் வீங்கி என்னிடம்தான் வரும்.

இத்தனை இருந்தும் நாய்கள் சாகத்தான் செய்கின்றன. 2024-இல் மூன்று இறந்தன. விலங்கு ஆர்வலர்கள் பந்தயத்தையே நிறுத்தச் சொல்கிறார்கள். நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் கேட்டுக் கழுத்தைப் பிடிக்க ஆள் இருக்க வேண்டும். அந்த வகையில் உங்களைப் போன்றவர்கள் இருப்பது நாய்களுக்கு நல்லது.

கேள்வி: இதெல்லாம் பனி நாட்டுக்காரர்களுக்குத்தானே சாத்தியம்? (காரைக்குடி)

நியூட்டன் மார்ஷலைக் கேட்டால் சிரிப்பார். ஜமைக்காக்காரர். அங்கே ஏது பனி? விலங்குவதைத் தடுப்புச் சங்கம் காப்பாற்றிய தெருநாய்களைச் சக்கரம் வைத்த வண்டியில் பூட்டிப் பழகிய குழுவிலிருந்து வந்தவர். லான்ஸ் மேக்கியிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு 2010-இல் இடிடரோட் ஓடினார். 47-ஆவது இடம், ஆனால் முடித்தார்! 2014-இல் மறுபடி ஓடியபோது, ஸ்காட் ஜான்சன் என்ற சக போட்டியாளர் கணுக்கால் உடைந்து பாதையில் கிடப்பதைப் பார்த்தார். தன் பந்தயத்தை நிறுத்திவிட்டு, உதவி வரும்வரை அவருக்குப் பக்கத்திலேயே இருந்தார். எனக்கு அந்த 47-ஆவது இடத்தைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: கடைசியாக வருகிறவருக்கும் ஏதாவது உண்டா? (தென்காசி)

உண்டு, சிவப்பு லாந்தர் என்ற விருது. 1973-இல் நடந்த முதல் பந்தயத்தில் ஜெயித்தவருக்கே இருபது நாள் ஆனது; கடைசி ஆள் வந்து சேர்ந்தது 32-ஆவது நாள். நோமில் முடிவு வளைவில் ஒரு விளக்கு தொங்கும். பாதையில் ஒரு வண்டி மிச்சமிருக்கும்வரை அணைக்க மாட்டார்கள். ராத்திரி பஸ்ஸுக்குப் போன பிள்ளை வரும்வரை வாசல் லைட்டை அணைக்காத அம்மாக்கள் நம் ஊரிலும் உண்டே, அந்தக் கணக்கு.

கேள்வி: படித்ததும் ஆசை வந்துவிட்டது. நீலக்கண் ஹஸ்கி குட்டி ஒன்று வாங்கலாமா? மாடி வீடு, ஏசி இருக்கிறது. (கோவை)

வேண்டாம். பந்தயத்தில் ஓடுபவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி என்ற கலப்பு நாய்கள். நீலக்கண் அழகெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஓட்டம், பாதம், பசி, இந்த மூன்றைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கேட்பது சைபீரியன் ஹஸ்கி. அதுவும் மைல் கணக்கில் இழுக்கப் பிறந்த ஜாதிதான். ஏசி அறையில் பூட்டினால் முதலில் சோபாவைக் கிழிக்கும், அப்புறம் கதவை. ஏப்ரல் மாதத்தில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? வெப்பத்தாக்கில் துவண்டு வந்த இரண்டு ஹஸ்கிகளுக்கு ஐஸ் தண்ணீர்த் துணி போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றுதான் பிழைத்தது. உங்கள் தெருமுனையிலேயே ஒரு குட்டி இருக்கும். வெறிநாய்த் தடுப்பூசி போட்டு அதை வளருங்கள்.