ஆயிரம் பேரில் எத்தனை பேர்?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் மூன்று, உடற்பரிசோதனை பற்றியவை.

கேள்வி: கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் 350 வெள்ளி கட்டி 'கேன்சர் பேக்கேஜ்' இரத்தச் சோதனை செய்தேன். அதில் சூலகப் (கருமுட்டைப் பை) புற்றுநோய்க்காகப் பார்க்கும் சிஏ-125 என்பது 35-க்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு 41. வயது 46, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. கருப்பையை எடுக்கச் சொல்வார்களோ என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை.
– செம்பனைத் தோட்டத் தொழிலாளி

பதில்: அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த 41-ஐ மட்டும் வைத்து யாரும் கருப்பையில் கை வைக்கக் கூடாது. சிஏ-125 மாதவிலக்கு நாள்களிலேயே ஏறும். கருப்பையில் சாதாரண நார்க்கட்டி இருந்தாலும் ஏறும், கல்லீரல் கோளாறிலும் ஏறும். சூலகப் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போது ஏறாமல் ஏமாற்றவும் செய்யும்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 78,000 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஆண்டுதோறும் இந்தச் சோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது: சோதனை செய்துகொண்டவர்களிடையே சூலகப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. ஆனால் 3,285 பேருக்கு நோயே இல்லாமல் 'சந்தேகம்' என்று வந்தது. அவர்களில் 1,080 பேரை அறுவை சிகிச்சை வரை கொண்டுபோனார்கள், அதிலும் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வும் 2021-இல் அதையேதான் சொன்னது: உயிர் காக்கவில்லை.

அறிக்கையையும், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியையும் எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ மார்பகம், சூலகத்தில் புற்றுநோய் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது வேறு கணக்கு. வயிற்று உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோவது, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்று வலி இவை வாரக்கணக்கில் நீடித்தாலும் சொல்லுங்கள். தொந்தரவு உள்ளவருக்குக் காரணம் தேடுவது வேறு, ஒன்றுமில்லாதவரைச் சலித்துப் பார்ப்பது வேறு. முதலாவதில் இதே சிஏ-125 டாக்டருக்குப் பயன்படும்.

பேக்கேஜில் இருக்கும் மற்றப் புற்றுநோய் இரத்தச் சோதனைகளும் இப்படித்தான். சிஇஏ புகைப்பவருக்கு ஏறும், சிஏ 19-9 பித்தப்பைக் கல்லிலும் ஏறும். ஏஎஃப்பி மட்டும், ஹெப்படைட்டிஸ் பி அல்லது கல்லீரல் சுருக்கத்துக்காகத் தொடர் கண்காணிப்பில் இருப்பவருக்கு ஸ்கேனோடு சேர்த்து உதவும்.

உங்கள் வயதில் முதலில் பார்க்க வேண்டியது இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்தக் கொதிப்பும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டுப் பெரியவர்களுக்கு இனிப்பு நீர். இதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு வழி இருக்கிறது, மருந்து இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறோம். அரசாங்கத்தின் எஸ்டிஆர் ரொக்க உதவி பெறும் குடும்பமாக இருந்து வயது 40 ஆகியிருந்தால், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இவை இலவசம். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான சோதனை செய்துவிட்டீர்களா என்றும் கேளுங்கள். அதற்கான மாதிரியை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம்.

கேள்வி: 'மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தால் மார்பகப் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறையும்' என்று ஒரு தாளில் படித்தேன். அப்படியென்றால் 100 பேரில் 20 பேர் பிழைக்கிறார்களா? எனக்கு 54.

பதில்: இல்லை. 50 வயது தாண்டிய 1,000 பெண்களைப் பத்துப் பதினோரு ஆண்டு கவனித்தால், மெமோகிராம் எடுக்காதவர்களில் சுமார் 5 பேர் அந்த நோயால் இறக்கிறார்கள், எடுத்தவர்களில் சுமார் 4 பேர். ஐந்து நான்கானதைத்தான் 20 விழுக்காடு என்று அச்சடிக்கிறார்கள். அதே ஆயிரத்தில் 100 பேர் அளவில், நோய் இல்லாமலேயே மறு சோதனைக்கு அழைக்கப்பட்டுப் பயந்து திரும்புவார்கள். 5 பேர் அளவில், வாழ்நாளில் தொல்லையே தந்திருக்காத கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்வார்கள்.

அந்த ஒரு உயிருக்காக எடுக்கிறேன் என்பதும் சரியான முடிவு, வேண்டாம் என்பதும் சரியான முடிவு. கணக்கு தெரியாமல் முடிவெடுப்பதுதான் நமக்கு வருத்தம். மலாய் மட்டும் பேசும் டாக்டரிடமும் தயங்காமல் கேளுங்கள்: "செரிபு ஓராங், பெராப்பா ஓராங்?" (ஆயிரம் பேரில் எத்தனை பேர்?) ஆனால் கட்டி கையில் தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ளிழுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 61. மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் மலச் சோதனை பாசிட்டிவ். மூலம் இருப்பதால் அப்படி வந்திருக்கும் என்று தனியாரிடம் மறுபடி செய்தோம், நெகட்டிவ். கொலோனோஸ்கோபி (குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) தேவையில்லைதானே?

பதில்: தேவை. குடலில் உள்ள கட்டியோ பாலிப்போ (குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை) தினமும் இரத்தம் கசிவதில்லை. இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை அழிக்காது. மூலம் இருப்பவருக்குக் கட்டி வராது என்றும் இல்லை. பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை, அதனால் கலங்க வேண்டாம். பாலிப் இருந்தால் அதே குழாய் வழியாக அப்போதே பெரும்பாலும் எடுத்துவிடலாம்.

இச்சோதனை 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு. செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்தியம் வேண்டாம். மலம் தண்ணீரில் விழாமல் தாள் விரித்துப் பிடியுங்கள். குச்சியின் நுனியால் நாலைந்து இடத்தில் குத்தி, வரிப்பள்ளம் நிறையும் அளவுக்கு மட்டும் எடுங்கள். வழித்து அள்ளினால் சோதனை கெடும். மூடி, பெயரும் தேதியும் எழுதி, கிளினிக் சொன்ன நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மோட்டார் பெட்டியில் வெயிலில் வைத்தால் இரத்தம் சிதைந்து, இருப்பதும் இல்லையென்று வரும். மாதவிலக்கின்போதும், மூலத்தில் இரத்தம் கொட்டும்போதும் தள்ளிவையுங்கள்.

கொலோனோஸ்கோபிக்கு ஈப்போ போக வேண்டியிருந்தால், பேதி மருந்தை எத்தனை மணிக்குக் குடிக்க வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். குடல் சரியாகச் சுத்தமாகாவிட்டால் மறுபடி தேதி வாங்க நேரும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, இனிப்பு நீருக்கு ஊசி போடுகிறாரா என்று முதலிலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மயக்க ஊசி போடுவதால் அன்று அவர் மோட்டார் ஓட்டக் கூடாது, மகனையோ பக்கத்து வீட்டாரையோ கூட அழைத்துப் போங்கள்.