பரிமாற்ற மாணவர்களின் பாடத்தேர்வும் பாடப்பதிவும்: கேள்வி பதில்

பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு செமஸ்டரோ ஒரு கல்வியாண்டோ வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தேர்வாகியுள்ள மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்தகைய மாணவர்களின் பாடப்பதிவுப் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன். பாடங்களை எடுத்து முடிப்பதைவிட, முடித்த பாடங்களை நாடு திரும்பியபின் பட்டத்துக்கான கணக்கில் சேர்ப்பதுதான் கடினம் என்பதால், பெரும்பாலான பதில்கள் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

கேள்வி: தேர்வாகிவிட்டேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலில் நூற்றுக்கணக்கான பாடங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு மூடி வைத்துவிட்டு, உங்கள் சொந்தத் துறையின் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே இருக்கப்போகும் செமஸ்டரில் எவையெல்லாம் கட்டாயப் பாடங்கள், அவற்றுள் எவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடத்தப்படுகின்றன, எவை அடுத்த செமஸ்டர் பாடங்களுக்கு அடிப்படையாக இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே நடப்பதும், அடுத்ததற்கு அடிப்படையாக இருப்பதுமான பாடத்தைத் தவறவிட்டால் படிப்பு ஓராண்டு நீளக்கூடும். ஆகவே அத்தகைய பாடத்துக்கு அங்கே ஈடு உண்டா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். துறை அனுமதித்தால், விருப்பப் பாடங்களை முன்கூட்டியே எடுத்துவிடாமல் பரிமாற்றச் செமஸ்டருக்கென்று சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. விருப்பப் பாடத்துக்கு ஈடு காண்பது எப்போதுமே எளிது.

அதன்பிறகு அவர்களுடைய பட்டியலுக்கு வாருங்கள். அது எந்தக் கல்வியாண்டுக்கு உரியது, பாடம் எந்தப் பருவத்தில் நடக்கிறது, பரிமாற்ற மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்ற மூன்றையும் ஒவ்வொரு பாடத்துக்கும் சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் துறைத் தலைவர், "போய்ப் படித்துவிட்டு வாருங்கள், வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. அவர் நல்லெண்ணத்துடன்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் திரும்பி வரும்போது அந்தப் பொறுப்பில் வேறொருவர் இருக்கலாம். ஐரோப்பாவின் எராஸ்மஸ் என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், புறப்படுவதற்கு முன்பே கற்றல் ஒப்பந்தம் ஒன்றில் மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. உங்கள் திட்டத்தில் அப்படியொரு படிவம் இல்லையென்றால் நீங்களே ஒரு பக்கத்தில் தயார் செய்துகொள்ளுங்கள். இடப்பக்கம் அங்கே எடுக்கப்போகும் பாடத்தின் குறியீடு, தலைப்பு, கிரெடிட். வலப்பக்கம் அது ஈடுசெய்யும் உங்கள் பாடம். அடியில் துறைத் தலைவரின் கையொப்பமும் தேதியும் முத்திரையும்.

ஒப்புதல் கேட்கும்போது தலைப்பை மட்டும் காட்டாதீர்கள். வாராந்திரத் தலைப்புகள், பாடநூல், வகுப்பு நேரம், மதிப்பீட்டு முறை ஆகியவை அடங்கிய முழு சிலபஸைக் காட்டுங்கள். புள்ளியியல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்கள் துறையில் அது விரிவுரையும் ஆய்வகப் பயிற்சியும் சேர்ந்த ஒரே பாடமாக இருக்கும். அங்கே விரிவுரைக்கு ஒரு குறியீடும் ஆய்வகத்துக்கு வேறொரு குறியீடும் இருக்கலாம். விரிவுரையை மட்டும் பதிவு செய்து வந்தவரிடம், ஆய்வகப் பகுதி நிறைவேறவில்லை என்று துறை சொன்னால் அதில் தவறு காண முடியாது. புறப்படும் முன்பே சிலபஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தால் இரண்டு குறியீடுகளையும் பதிவு செய்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் கிரெடிட் எண்ணிக்கையும் அவர்களுடைய எண்ணிக்கையும் பொருந்தவே இல்லை. எத்தனை பாடம் எடுக்க வேண்டும்?

பதில்: எண்களை நேரடியாக ஒப்பிடாதீர்கள், முழுநேரப் படிப்பில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஓர் ஆண்டின் முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30. ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஆண்டுக்கு 120 கிரெடிட் என்பதால், அவர்களுடைய இரண்டு ஐரோப்பிய முறையின் ஒன்றுக்குச் சமம். அமெரிக்காவில் செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்பது வழக்கமான சுமை. ஆகவே அங்கே 3 கிரெடிட் பாடம் ஒன்று ஏறக்குறைய 6 ஐரோப்பியக் கிரெடிட்டுக்கு நிகராகிறது. இந்த விகிதத்தை உங்கள் பல்கலைக்கழகமும் ஏற்கிறதா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

விசா நிபந்தனையையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர்கள் பொதுவாகச் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதியின்றி ஒரு பாடத்தைக் கைவிட்டு அதற்குக் கீழே போனால் விசா நிலையே பாதிக்கப்படும். எனவே வரம்பை ஒட்டியே பதிவு செய்யாமல், ஒரு பாடம் கூடுதலாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

கேள்வி: பதிவு தொடங்கிய சில நிமிடங்களில் நான் விரும்பிய பாடம் நிரம்பிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: காத்திருப்புப் பட்டியலில் உடனே பெயர் சேருங்கள். பேராசிரியருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நீங்கள் பரிமாற்ற மாணவர் என்பது, பாடக் குறியீடு, அந்தப் பாடம் உங்கள் பட்டத்துக்கு ஏன் தேவை, அதற்கான அடிப்படைப் பாடங்களை முடித்திருப்பது ஆகிய நான்கும் இருந்தால் போதும். அவர் அனுமதித்தால் முதல் வார வகுப்புகளுக்குப் போய்விடுங்கள். அந்த நாட்களில் பலர் விலகுவார்கள், இடம் கிடைக்கும்.

இனி பதியப் போகிறவர்களுக்கு: ஐந்து பாடம் தேவையென்றால் எட்டுப் பாடங்களுக்கு முன் ஒப்புதல் வாங்கி வைத்திருங்கள். பதிவு தொடங்கும் நேரம் அந்த நாட்டு நேரம் என்பதையும், கோடைக்கால நேர மாற்றம் இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். நேர அட்டவணையில் விரிவுரைகளை மட்டும் பார்த்துவிட்டு மோதல் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஆய்வக நேரமும் குழுப் பயிற்சி நேரமும்தான் பெரும்பாலும் மோதும். சுவீடனில் பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது வழக்கம். அங்கே ஒரே நேரத்தில் நடப்பதாகத் தோன்றும் இரண்டு பாடங்கள் செமஸ்டரின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கலாம். மாறாக, எல்லாமே முதல் பகுதியில் குவிந்தும் போகலாம்.

கேள்வி: அடிப்படைப் பாடம் முடிக்கவில்லை என்று போர்ட்டல் பதிவை மறுக்கிறது. நான் அதற்கு நிகரான பாடத்தை இங்கே முடித்திருக்கிறேன்.

பதில்: போர்ட்டலுக்குத் தன்னிடம் உள்ள பதிவுகள் மட்டுமே தெரியும், ஆகவே அதைத் துறையின் மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலையும் அந்தப் பாடத்தின் சிலபஸையும் இணைத்து அங்குள்ள துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர்கள் கையால் பதிந்துவிடுவார்கள். ஆனால் உங்கள் அடித்தளம் உண்மையிலேயே பலவீனமாக இருந்தால், அனுமதி கிடைத்தாலும் அந்தப் பாடத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: உள்ளூர் மொழியில் நடக்கும் பாடத்தை எடுக்கலாமா?

பதில்: பல பல்கலைக்கழகங்கள் குறைந்தது பி2 நிலைத் தேர்ச்சி (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலைக்குச் சற்று மேலான நிலை) கேட்கும். விரிவுரையைப் புரிந்துகொள்ள அது போதலாம், விவாத வகுப்புக்குப் போதாது. ஆங்கிலத்தில் நடப்பதாகக் குறிக்கப்பட்ட பாடங்களிலும் தேர்வு எந்த மொழியில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே சென்றபின் பாடத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் உங்கள் துறையின் சம்மதத்தை மின்னஞ்சலில் பெறுங்கள். பிறகு அங்கே மாற்றுங்கள். பாடம் சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் காலம் பெரும்பாலும் வகுப்பு தொடங்கிய முதல் ஓரிரு வாரங்கள்தான். அதன்பின் விலகினால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விலகியதற்கான குறி மதிப்பெண் பட்டியலில் இடம்பெறும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் வகுப்புக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. செமஸ்டர் முழுவதும் ஒரு வகுப்பையும் விடாமல் அமர்ந்திருந்தாலும், தேர்வுப் பதிவுக்கான கடைசி நாளைத் தவறவிட்டால் தேர்வெழுத முடியாமல், ஒரு கிரெடிட்டும் இல்லாமல் திரும்ப நேரிடும். உடன் படிக்கும் உள்ளூர் மாணவர்களுக்கு அது பழகிய நடைமுறை என்பதால் யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள். சென்ற முதல் வாரத்திலேயே தேர்வு அலுவலகத்தில் அந்தத் தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே தேர்வு பிப்ரவரியில், எங்கள் அடுத்த செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது.

பதில்: இதைப் பதிவுக்கு முன்பே தீர்க்க வேண்டும். கட்டுரையின் மூலம் மதிப்பிடப்படும் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள், அல்லது முன்கூட்டியே தேர்வு வைக்க முடியுமா என்று பேராசிரியரிடம் பருவத் தொடக்கத்தில் கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மறுப்பதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருக்கும்.

கேள்வி: மதிப்பெண்கள் எப்படிக் கணக்கிடப்படும்?

பதில்: ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி. இதுபோல அளவுகோல் தலைகீழாக இருக்கும் இடங்கள் இருப்பதால், அங்குள்ள மதிப்பெண்ணை உங்கள் மதிப்பெண்ணாக மாற்றும் அட்டவணையைப் பாடத்தேர்வின்போதே உங்கள் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண்ணின்றித் தேர்ச்சி மட்டும் காட்டும் முறையில் எடுக்க எண்ணினால், உங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: அங்கிருந்து நாடு திரும்பக் கிளம்பும் முன் என்ன செய்துவிட்டு வர வேண்டும்?

பதில்: பதிவான பாடங்களின் இறுதிப் பட்டியலை எடுத்து, குறியீடுகள் ஒப்புதல் தாளுடன் பொருந்துகின்றனவா, பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியல் யாருக்கு, எந்த முகவரிக்கு அனுப்பப்படும் என்று கேளுங்கள். எராஸ்மஸ் திட்டத்தில், முடிவுகள் வெளியான ஐந்து வாரங்களுக்குள் அது அனுப்பப்பட வேண்டும். எல்லா சிலபஸ்களையும், சமர்ப்பித்த கட்டுரைகளையும், மின்னஞ்சல் ஒப்புதல்களையும் உங்கள் சொந்தக் கணக்கில் சேமித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியேறியபின் பல்கலைக்கழகக் கணக்கு முடக்கப்படலாம்.