கால்ஃபின் 7 அயர்னில் லாஃப்ட் குறைந்தால் தூரம் ஏன் கூடுகிறது? பள்ளியில் படித்த 45 டிகிரிக் கணக்கு என்ன ஆயிற்று?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்து வைத்துக்கொள்கிறேன். உங்கள் 7 அயர்ன் என்னும் இரும்புத் தலை கால்ஃப் கிளப்பின் (மட்டையின்) லாஃப்ட், அதாவது நிமிர்ந்த நிலையிலிருந்து அதன் முகம் பின்னே சாய்ந்திருக்கும் கோணம், 34 டிகிரி. நண்பருடையது 29 டிகிரி. இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழற்றியும் அவருடைய பந்து உங்கள் பந்தைத் தாண்டி ஒரு கிளப் தூரத்துக்கும் (அடுத்தடுத்த இரண்டு அயர்ன்களின் தூர வேறுபாட்டுக்கும்) மேலாகப் போய் விழுகிறது. ஆனால் அது உங்கள் பந்தளவுக்கே உயரமாகப் பறக்கிறது என்கிறீர்கள். 45 டிகிரியில் ஏவிய பொருளே அதிகத் தொலைவு செல்லும் என்று பள்ளியில் படித்திருக்க, கோணம் குறைந்த கிளப் எப்படி வெல்கிறது என்று கேட்கிறீர்கள். உங்கள் அயர்னையும் வளைத்து லாஃப்டைக் குறைத்துக்கொள்ளலாமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியைப் பலரும் கேட்காமலே கடந்துவிடுகிறார்கள். அயர்ன் ஆட்டம் முழுவதையும் விளக்கக்கூடிய கேள்வி அது என்பதால் அதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கிளப்பின் லாஃப்டும் பந்து கிளம்பும் கோணமும் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அயர்னை நன்றாக அடிக்கிறவர் பந்தைத் தொடும் கணத்தில் அவருடைய கைகள் பந்துக்கு முன்னால் இருக்கும். ஷாஃப்ட், அதாவது கிளப்பின் தண்டு, இலக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். கிளப் தலை இன்னும் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். இதனால் 34 டிகிரி முகம் அந்தக் கணத்தில் பந்துக்குக் காட்டுவது ஏறத்தாழ 23 டிகிரிதான். பந்து அதற்கும் சற்றுக் குறைவாகவே கிளம்புகிறது. ஏனென்றால் அயர்ன்களில் கிளம்பும் கோணத்தைத் தீர்மானிப்பதில் முகத்தின் பங்கு சுமார் முக்கால், கிளப் இறங்கும் பாதையின் பங்கு சுமார் கால். டிராக்மேன் ரேடார் கருவியின் நிறுவனம் வெளியிட்டுப் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் பிஜிஏ டூர் (அமெரிக்காவின் ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டித் தொடர்) சராசரியில், 7 அயர்ன் 4.3 டிகிரி கீழ்நோக்கி இறங்குகிறது, பந்து 16.3 டிகிரியில் கிளம்புகிறது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் 34 டிகிரி, 45-க்குப் பக்கத்தில் இருக்கும் கோணமே அல்ல.

அப்படியானால், 16 டிகிரியை 25 அல்லது 30 ஆக உயர்த்தினால் தூரம் கூடாதா? இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அதே சராசரியில் 7 அயர்னால் அடிபட்ட பந்தின் வேகம் மணிக்கு 120 மைல், அது தரையைத் தொடும் தொலைவு, அதாவது கேரி, 172 யார்டு. லாஃப்ட் அதிகமான, குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜில் பந்து வேகம் 102 மைல், கிளம்பும் கோணம் 24.2 டிகிரி, கேரி 136 யார்டு. 7 அயர்னைவிட லாஃப்ட் குறைந்த 5 அயர்னில் வேகம் 132 மைல், கோணம் 12.1 டிகிரி, கேரி 194 யார்டு. இப்போது காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டு, இதே வேகத்தையும் கோணத்தையும் பள்ளிப் பாடத்துச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 7 அயர்னுக்கு 173 யார்டு வருகிறது. பிட்சிங் வெட்ஜுக்கும் 173 யார்டு வருகிறது. 5 அயர்னுக்கோ 159 யார்டுதான் வருகிறது. காற்றில்லாத இடத்தில் வெட்ஜும் 7 அயர்னும் ஒரே தூரம் போகும், 5 அயர்ன் அவற்றுக்குப் பின்னால் விழும். நாம் பையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் தூரங்கள் அந்த வரிசையில் இருப்பதற்குக் காரணமே காற்றுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அயர்ன்களைப் பற்றிய என் பார்வையே மாறிவிட்டது என்று சொல்வேன்.

7 அயர்னுக்குக் காற்றில்லாக் கணக்கும் உண்மைத் தொலைவும் ஒத்துப்போவதைப் பார்த்துக் காற்றுக்கு அதில் வேலையே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காற்றில்லாத இடத்தில் அந்தப் பந்து உச்சத்தில் 13 யார்டு உயரத்தைக்கூடத் தொடாது. உண்மையில் அது 32 யார்டு உயரம் ஏறுகிறது. காற்றில்லாவிட்டால் கிளம்பிய அதே 16 டிகிரியில் தரையில் இறங்கும். உண்மையில் 50 டிகிரியில் இறங்குகிறது. காற்றின் தடை பந்தைப் பின்னிழுக்கிறது, காற்றின் தூக்கல் அதை மேலே தாங்குகிறது. தொலைவில் இவை இரண்டும் தற்செயலாகச் சரிக்குச் சரி ஆகிவிட்டன, பாதையின் வடிவமோ முற்றிலும் வேறாகிவிட்டது.

இந்தத் தூக்கல் பின்சுழற்சியால் வருகிறது. எடின்பரோ இயற்பியல் பேராசிரியர் பி. ஜி. டெய்ட் 1890-களிலேயே, பின்னோக்கிச் சுழலும் கால்ஃப் பந்தைக் காற்று மேல்நோக்கித் தள்ளுகிறது என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறார். 1896-இலும் 1898-இலும் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பை வென்ற ஃப்ரெடி டெய்ட் அவருடைய மகன் என்பதால், அவருக்கு இந்த விஷயத்தில் வீட்டிலேயே ஆர்வம் இருந்திருக்கும். டூர் சராசரியில் 7 அயர்ன் பந்து நிமிடத்துக்குச் சுமார் 7,100 முறை பின்னோக்கிச் சுழல்கிறது. பந்தின் எடை விதிப்படி அதிகபட்சம் 45.93 கிராம், கிளம்பிய சில கணங்களுக்கு அதன்மேல் செயல்படும் தூக்கல் அந்த எடையையே மிஞ்சுகிறது. அதனால்தான் நன்றாக அடிபட்ட அயர்ன் பந்து முதலில் தாழ்வாகப் போய், பிறகு வழியிலேயே மேல்நோக்கி வளைவதை நாம் பின்னாலிருந்து பார்க்க முடிகிறது.

தூக்கல் எப்போதும் பந்து போகும் திசைக்குச் செங்குத்தாகச் செயல்படும் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பந்து தட்டையாகப் போகும்போது அந்த விசை ஏறக்குறைய முழுவதும் மேல்நோக்கி இருக்கும். பந்து அதிக நேரம் காற்றில் நிற்கும், முன்னேறிக்கொண்டும் இருக்கும். பந்து செங்குத்தாக ஏறும்போதோ அதே விசையின் ஒரு பகுதி பின்நோக்கித் திரும்பிவிடுகிறது. உயரம் கிடைக்கிறது, தூரம் பறிபோகிறது. பிட்சிங் வெட்ஜ் 9,300 சுழற்சியோடு 24 டிகிரியில் கிளம்பி, காற்றில்லாக் கணக்கைவிட 37 யார்டு குறைவாக விழுவதும், 5 அயர்ன் 12 டிகிரியில் கிளம்பி அதே கணக்கைவிட 35 யார்டு கூடுதலாகப் போவதும் இதனால்தான். 45 டிகிரி என்பது காற்றும் சுழற்சியும் இல்லாத இடத்துக்கான விடை. 1971-இல் ஆலன் ஷெப்பர்ட் சந்திரனில் 6 அயர்ன் தலையால் அடித்தபோது மட்டும் அந்தப் பாடம் அப்படியே பொருந்தியது. பருத்த விண்வெளி உடையில் ஒரு கையால் அடித்த அந்தப் பந்துகள் அதிகத் தூரம் போகவில்லை என்பது வேறு விஷயம்.

லாஃப்ட் செய்யும் இன்னொரு வேலை பந்தின் வேகத்தைத் தீர்மானிப்பது. முகம் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அடியின் பலம் பந்தை முன்னே தள்ளுவதில் செலவாகும். முகம் சாயச் சாய அதில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும். கிளப் தலை 90 மைல் வேகத்தில் வந்தால் 7 அயர்ன் 120 மைலைத் தருகிறது, அதாவது 1.33 மடங்கு, பிட்சிங் வெட்ஜ் தருவது 1.23 மடங்கு மட்டுமே. ஆகவே லாஃப்டை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் நண்பரின் 29 டிகிரி அயர்ன் கூடுதல் பந்து வேகம், குறைந்த சுழற்சி, தட்டையான பாதை ஆகிய மூன்றையும் அவருக்கு ஒரே அடியில் தருகிறது. வழக்கமாக அடுத்தடுத்த இரண்டு அயர்ன்களுக்கிடையே சுமார் 4 டிகிரி லாஃப்ட் வேறுபாடும், ஷாஃப்டில் அரை அங்குல நீள வேறுபாடும், 10 முதல் 12 யார்டு தூர வேறுபாடும் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால், 5 டிகிரி குறைவான அயர்ன் ஒரு கிளப்புக்கு மேல் முன்னே போவதில் வியப்பில்லை. அவர் கையில் இருப்பது உங்கள் செட்டின் 6 அயர்னைவிட நிமிர்ந்த முகம். அடியில் மட்டும் 7 என்று பொறித்திருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு இத்தனை டிகிரி என்று கால்ஃப் விதிகள் எதுவும் வரையறுக்கவில்லை. டைட்டலிஸ்ட் டி100 செட்டில் 7 அயர்ன் 34 டிகிரி, பிங் ஜி430 செட்டில் 29 டிகிரி. பிட்சிங் வெட்ஜ் முன்னதில் 46, பின்னதில் 41. பின்னதை வாங்குகிறவர், பிட்சிங் வெட்ஜுக்கும் மணல் குழியிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே விழும் பெரிய இடைவெளியை நிரப்ப இன்னொரு வெட்ஜையாவது சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

இதை வெறும் விற்பனைத் தந்திரம் என்று பலர் ஏசுகிறார்கள். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. இன்றைய அகன்ற அடிப்பாகமுள்ள அயர்ன்களில் எடையை, சில சமயம் டங்ஸ்டனைச் சேர்த்து, மிகத் தாழ்வாக வைக்கிறார்கள். முகத்தையும் மெல்லியதாகச் செய்கிறார்கள். ஈர்ப்பு மையம் தாழ்ந்து பின்னே போனால் அதே லாஃப்டிலும் பந்து உயரமாகக் கிளம்பும். பழைய லாஃப்டையே வைத்திருந்தால் பந்து தேவையில்லாமல் மேலே போய்த் தூரத்தை இழக்கும். அதனால் லாஃப்டைக் குறைத்துக் கிளம்பும் கோணத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள், பந்து வேகம் அவர்களுக்கு மிச்சமாகிறது. உங்கள் நண்பரின் பந்து உங்கள் பந்தளவுக்கே உயரமாகப் பறப்பதாக நீங்கள் எழுதியிருப்பது இதனோடு சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் உயரம் ஒன்றாக இருந்தாலும் சுழற்சி ஒன்றாக இருக்காது. அடுத்த முறை இருவரும் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, அடித்த பிறகு, பந்துகள் முதலில் விழுந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இறங்கிய பந்து ஆழமான சிறு குழியைப் பறித்திருக்கும். அதன் முன்விளிம்பில் புல் மேலே சுருண்டு நிற்கும், பந்து அங்கிருந்து இரண்டு மூன்று தப்படிக்குள் கிடக்கும். தட்டையாக, சுழற்சி குறைவாக இறங்கிய பந்து நீளவாக்கில் தேய்த்தது போன்ற தடத்தை விட்டுவிட்டுக் கிரீனின் பின்புறம் வரை ஓடியிருக்கும். அயர்ன் பந்தை நிறுத்துவதற்கான கிளப். 172 யார்டில் கிரீனில் நிற்கும் பந்து, 185 யார்டு போய் நிற்காமல் ஓடும் பந்தைவிட மதிப்புள்ளது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு 7 அயர்னை மற்றொன்றோடு ஒப்பிடும்போது கேரிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது இறங்கும் கோணத்தைத்தான். பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியின் திரையில் அது ஒரு மூலையில் இருக்கும், யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை.

கிளப் வேகம் குறைவானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் எல்பிஜிஏ டூர் சராசரியில் 7 அயர்ன் பந்து வேகம் 104 மைல்தான். அவர்கள் பந்தை 19 டிகிரியில், ஆண்களைவிட உயரமாகக் கிளப்பி 141 யார்டு கேரி எடுக்கிறார்கள். வேகம் குறைந்தால் தூக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். அதை ஈடுகட்டக் கிளம்பும் கோணம் கூட வேண்டும். வார இறுதியில் ஆடும் நம்மில் பெரும்பாலோர் வேகத்தில் அவர்களுக்கு நெருக்கமானவர்களே, பலர் அதற்கும் கீழே. அப்படிப்பட்டவர் கையில் 22 டிகிரி 5 அயர்ன் கொடுத்தால் பந்து போதிய உயரம் ஏறாமல் விழுந்து, அவருடைய 6 அயர்ன் போகும் இடத்திலேயே போய் நிற்கும். 7 அயர்னில் கிடைத்த கூடுதல் தூரத்தை நீண்ட அயர்ன்களில் இழப்பது இப்படித்தான்.

புல்லும் இடமும் இந்தக் கணக்கை மாற்றும். நீண்ட புல்லிலிருந்து அடிக்கும்போது முகத்துக்கும் பந்துக்கும் நடுவே இலைகள் சிக்கினால் உராய்வு குறைந்து, பந்து சற்று உயரமாகவும் மிகக் குறைந்த சுழற்சியோடும் கிளம்பும். கிரீனைத் தாண்டி ஓடும் அந்தப் பந்தை அடித்தவர் பலம் என்று எண்ணிக்கொள்வார். உதகை ஜிம்கானா கிளப்பின் ஆடுகளம் போல 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் இடங்களில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் தூரம் கூடும். தூக்கலும் குறைவதால் பாதை தட்டையாகி, பந்து நிற்பது கடினமாகும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உங்கள் அயர்ன்கள் ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) கார்பன் ஸ்டீல் என்றால் ஒன்று இரண்டு டிகிரி வளைப்பது சாதாரண வேலை. வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கழுத்தில் முறியும் அபாயம் உண்டு. ஆனால் லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் அடிப்பாகத்தின் பவுன்ஸும், அதாவது கிளப் மண்ணில் குத்தாமல் காக்கும் சாய்வும், ஒரு டிகிரி குறையும், கிளப் மண்ணுக்குள் எளிதாகக் குத்தும். எடை இருக்கும் இடமோ மாறாது. ஆகவே நண்பரின் அயர்னில் இருக்கும் உயரம் உங்களுக்குக் கிடைக்காது, தாழ்ந்த பந்து மட்டுமே கிடைக்கும். தூரத்துக்காக வளைக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. லாஃப்ட் மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் முழு செட்டையும் கொடுத்து ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் பயிற்சி விரிப்பிலும் மண்ணிலும் அடித்த ஃபோர்ஜ்டு அயர்ன்கள் தாமாகவே ஒரு டிகிரி, சில சமயம் அதற்கும் மேல், நகர்ந்திருக்கும். 7 அயர்னுக்கும் 8 அயர்னுக்கும் நடுவே 4 டிகிரிக்குப் பதிலாக 2 டிகிரியோ 6 டிகிரியோ இருப்பது தெரிந்தால், அதைச் சரிசெய்ய மட்டும் வளைக்கச் சொல்லுங்கள்.