மன உளைச்சல் குழந்தையின் மூளையைப் பாதிக்குமா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

எனக்கு ஏழாவது மாதம். மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்ததால் மூணு வாரமாக அலைச்சல், அழுகை. "நீ அழுதுகிட்டே இருந்தா பிள்ளைக்கு மூளை வளராது" என்கிறார் அத்தை. உண்மையா டாக்டர்?
– வாசகி, ஈரோடு

இல்லை அம்மா. மூன்று வார அழுகையால் குழந்தையின் மூளை வளராமல் போகாது.

நாம் பதறும்போது ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அது அப்படியே குழந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு என்சைம் அதில் பெரும்பகுதியைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடும். பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் தாண்டும். பதற்றம் ஓயாமல் மாதக்கணக்கில் நீளும்போதுதான் சிக்கல். அந்த என்சைமின் வேலை குறைந்து, குழந்தைக்குப் போகும் கார்ட்டிசால் கூடும். அச்சத்தைக் கையாளும் அமிக்டலா, நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் ஆகிய பகுதிகள் உருவாகும் விதத்தை அது மாற்றக்கூடும்.

எவ்வளவு பாதிப்பு? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991-92இல் கர்ப்பமாக இருந்த சுமார் 14,000 பெண்களின் பிள்ளைகளை இன்றும் கவனித்துவருகிறார்கள். பதற்றம் மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், பதின்மூன்று வயதுவாக்கில், மனநலப் பிரச்சினைகள் ஏறத்தாழ இரு மடங்கு. கேட்டால் வயிற்றைக் கலக்கும். ஆனால் 100க்கு ஆறேழாக இருந்தது பன்னிரண்டு, பதிமூன்று ஆனது, அவ்வளவுதான். மீதி 87 பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இதை அத்தையிடமும் சொல்லுங்கள். "அழாதே, பிள்ளைக்கு ஆகாது" என்று மிரட்டுவது அழுகையோடு குற்ற உணர்வையும் சேர்த்துத் தரும்.

சாதாரணக் கவலையா, டாக்டரிடம் போக வேண்டிய அளவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தூத்துக்குடி

எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 30க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். 10, 11, 12 என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவானாலும், அன்றைக்கே உதவி தேவை. அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். ரத்தசோகையின் அசதியும் படபடப்பும் மன உளைச்சல் போலவே இருக்கும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரையைச் சரியாகப் போடுகிறீர்களா என்று முதலில் யோசியுங்கள். டீ, காபி குடித்த கையோடு போட்டால் சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவந்தேன். கர்ப்பம் என்று தெரிந்ததும் நானே நிறுத்திவிட்டேன்.
– பெயர் வேண்டாம், சேலம்

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். திடீரென நிறுத்தினால் தூக்கம் கெடும், நோய் திரும்பும். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் தருகிறோம். வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் எடுப்பவர்கள் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது குழந்தையின் மூளையையும் முதுகுத்தண்டையும் பாதிக்கும். ஆனாலும் மாற்று மருந்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மனைவிக்கு ஆறாவது மாதம். நான் என்ன செய்யலாம்?
– வாசகர், திருச்சி

தினமும் அரை மணி நேரம் மனைவியோடு நடங்கள்; போனை வீட்டில் வைத்துவிட்டு. கடன், சொத்துத் தகராறு போன்றவற்றை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்காதீர்கள், தூக்கம்தான் முதலில் போகும்.

பேச்சுத் துணை சின்ன விஷயமில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளை சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப்போய், முறையாகப் பயின்ற விதத்தில் பேசிவந்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மாரில் 100க்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. வெறுமனே வந்து பார்த்துப்போன வீடுகளில் 53. அந்த ஆய்வு 2008இல் வெளியானது.

அடுத்த செக்கப்புக்கு நீங்களும் போய், மனைவியின் தூக்கத்தையும் மனநிலையையும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.