வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் கருங்காலிகளா?

கேள்வி: 20 வருஷத்துக்கு முன்னால் எங்கள் கிரானைட் குவாரியில் நடந்த வேலைநிறுத்தத்தில் அப்பா மட்டும் வேலைக்குப் போனார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். இன்னமும் டீக்கடையில் அவருக்குக் 'கருங்காலி' என்றுதான் பெயர். 1984இல் பிரிட்டன் சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தின்போது வேலைக்குப் போனவர்களும் அப்படித்தானா?
— ஒரு வாசகர், பர்கூர்

பதில்: அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாரையும் அடைக்க எனக்கு மனசு வரவில்லை. 20 சுரங்கங்களை மூடுவோம், 20,000 பேருக்கு வேலை போகும் என்று நிலக்கரி வாரியம் 1984 மார்ச்சில் சொன்னதும், யார்க்‌ஷையரிலும் சவுத் வேல்ஸிலும் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் இருந்த சங்கம் நாடு முழுக்க ஓட்டெடுப்பு நடத்தவே இல்லை. நாட்டிங்ஹாம்ஷையர்காரர்கள் தங்கள் பகுதியில் ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலானோர் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள், அப்புறம் தினமும் சுரங்கத்துக்குப் போனார்கள்.

கம்பிவலை அடித்த பஸ்ஸில் போக வேண்டியிருந்தது, வாசலில் வசவு. அண்ணன் போராட்டத்தில், தம்பி சுரங்கத்தில் என்று குடும்பங்கள் உடைந்தன. நாட்டிங்ஹாம்ஷையரின் ஆலர்டனில் மறியலுக்கு வந்த இளைஞர் ஒருவர் இறந்தார். அதே வருஷம் நவம்பரில் சவுத் வேல்ஸில், வேலைக்குப் போகிறவரை ஏற்றிச் சென்ற டாக்ஸி மேல் பாலத்திலிருந்து கான்கிரீட் கட்டையைப் போட்டதில் டிரைவர் உயிர் போனது.

ஓட்டெடுப்பு நடத்தாதது சங்கத்தின் தப்பு என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் வேலைக்குப் போனவர்கள் வெட்டிய நிலக்கரி மின்நிலையங்களை ஓட வைத்தது, போராடியவர்களின் கை அதனாலும் தளர்ந்தது. ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே 1985 மார்ச்சில் எல்லாரும் திரும்பினார்கள். நாட்டிங்ஹாம்ஷையர்காரர்கள் தனிச் சங்கம் கண்டார்கள். ஆனால் அவர்கள் சுரங்கங்களும் தப்பவில்லை, கடைசியாக இருந்த தோர்ஸ்பியும் 2015இல் மூடப்பட்டது.

உங்கள் அப்பா கதை வேறு. அங்கே சுரங்க ஊர்ப் பெண்கள் சேர்ந்து பொதுச் சமையல் நடத்தி, சம்பளம் நின்ற வீடுகளுக்குச் சோறு போட்டார்கள். இங்கே அம்மா படுத்திருந்தபோது சங்கத்திலிருந்து யாராவது ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தார்களா? அதை அப்பாவிடம் கேளுங்கள்.

அன்றைக்குப் போராட்டத்தில் இருந்தவர்களில் ஒருவராவது முகம் கொடுத்துப் பேசினால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். டீக்கடையில் வேண்டாம், நாலு பேர் முன்னால் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.