அரிய மரபணு நோய்க்கான வாய்வழி மருந்தை, மிகச் சில நோயாளிகளைக் கொண்டு எப்படிச் சோதிக்கிறார்கள்?

மருத்துவச் சோதனை என்பது, ஒரு புதிய மருந்து பாதுகாப்பானதா, உண்மையில் பயன் தருகிறதா என்பதை, பங்கேற்பவர்களின் ஒப்புதலுடன், முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி அறியும் முறை. வழக்கமாக ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றொரு பிரிவினருக்கு, பார்வைக்கு அதேபோல் இருந்தும் மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்தும் கொடுத்து ஒப்பிடுவார்கள். அரிய நோயில் அது எப்போதும் இயலாது, சில வேளைகளில் நியாயமும் ஆகாது.

முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில், எஸ்எம்என்1 மரபணு செயலிழப்பதால், தசைகளை இயக்கும் நரம்பணுக்களுக்கு வேண்டிய புரதம் போதிய அளவு கிடைப்பதில்லை. எஸ்எம்என்2 என்ற துணை மரபணு அதைச் சிறிதளவே தருகிறது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி புளோக்கில் ஒரு மின்தூக்கி பழுதாகி, மற்றொன்று சில தளங்களில் மட்டும் நிற்பதைப் போன்றது இது. ரிஸ்டிப்லாம் என்னும் வாய்வழி மருந்து பழுதானதைச் சரிசெய்வதில்லை. இரண்டாவதை மேலும் பல தளங்களில் நிற்கச் செய்கிறது.

இந்நோயின் முதல் வகைக்கு ஆளான கைக்குழந்தைகள், சிகிச்சை இல்லாவிட்டால், ஆதரவின்றி உட்காரும் நிலையை எட்டுவதே இல்லை. ஆகவே 'ஃபயர்ஃபிஷ்' சோதனையில் போலி மருந்துப் பிரிவை வைக்காமல், நோயின் இயல்பான போக்கைக் காட்டும் முந்தைய பதிவுகளோடு ஒப்பிட்டனர். அதன் இரண்டாம் பகுதியில், ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின், 41 குழந்தைகளில் 12 பேர் குறைந்தது 5 வினாடிகள் ஆதரவின்றி உட்கார்ந்தனர். எண்ணிக்கை சிறிதே, ஆனாலும் அது வலுவான சான்று என்றே கருதுகிறேன். நோய் மெதுவாக முற்றும், 2 முதல் 25 வயது வரையிலான 180 பேரிடம் நடந்த 'சன்ஃபிஷ்' சோதனைப் பகுதிக்கோ, மருந்தின் பயனை எளிதில் பிரித்தறிய முடியாது என்பதால், போலி மருந்து ஒப்பீடு தேவைப்பட்டது.

சிங்கப்பூரில் மருந்துச் சோதனைகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்காணிக்கிறது. சோதனையில் சேர்ந்தால் இடையில் விலக முடியாது என்று பல பெற்றோர் அஞ்சுவது தவறு. வழக்கமான சிகிச்சையை இழக்காமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.